விதியை விசாரிப்பது எப்படி? கண்டுபிடிக்கும் முன்பே அது இருந்ததா என்று பார்க்க ஒரு வழிகாட்டி

நியூட்டன் எழுதுவதற்கு முன் ஈர்ப்பு விதி இருந்ததா என்று நாலு பேர் கூடிய இடத்தில் கேட்டுப் பாருங்கள். அதற்கு முன்பும் மாங்காய் கீழேதானே விழுந்தது என்பார் ஒருவர். விழுந்தது சரி, விதி எங்கே இருந்தது, மரத்திலா என்று இன்னொருவர் மடக்குவார். அரை மணி நேரம் கழித்து இருவரும் தொடங்கிய இடத்திலேயே நின்றுகொண்டிருப்பார்கள்.

அறிவியல் தத்துவத்தில் இது பழைய சண்டை. இதைத் தீர்த்து வைக்கிறேன் என்று நான் சொல்லப்போவதில்லை. ஆனால் சரியான வரிசையில் வேலை செய்தால் சண்டையின் முக்கால் பங்கு தானாகக் கரைந்துவிடும். மீதிக் கால் பங்குதான் நிஜமான சிக்கல். அந்த இடம்வரை உங்களைக் கொண்டுபோய் விடுவதே இந்தக் கட்டுரையின் வேலை. பத்தாம் வகுப்பு அறிவியல் நினைவிருந்தால் போதும். நோட்டும் பேனாவும் பக்கத்தில் இருக்கட்டும்.

படி 1: ஒரே ஒரு விதியை எடுங்கள்

புதிதாக வருகிறவர்கள் பெரும்பாலும் வழுக்குவது இங்கேதான். "அறிவியல் விதிகள்" என்று மொத்தமாகக் கேட்டால் மொத்தமாகத்தான் பதில் வரும், அது எதற்கும் உதவாது. ஓம் விதி சில பொருள்களுக்குப் பொருந்தும், மின்னோட்டத்தை ஒரு பக்கம் மட்டும் விடும் டயோடுக்குப் பொருந்தாது. மெண்டலின் விதிகள் நடைமுறைக்கு வர வேண்டுமானால் உயிர் தோன்றியிருக்க வேண்டும், அதுவும் ஆண் பெண் கலப்பில் இனம் பெருக்கும் உயிர். ஆற்றல் அழியாது என்பதற்கு அப்படி எந்த நிபந்தனையும் இல்லை. இந்த மூன்றையும் ஒரே தராசில் வைக்க முடியாது.

தொடக்கத்துக்குக் கதிரியக்கச் சிதைவு, கெப்ளரின் மூன்றாம் விதி (கோளின் தூரத்தையும் அது சூரியனைச் சுற்ற ஆகும் காலத்தையும் இணைப்பது), பாயில் விதி (வாயுவை அழுத்தினால் அதன் கனஅளவு குறையும் கணக்கு) போன்றவை நல்லவை. இயற்கைத் தேர்வை இப்போதைக்குத் தொடாதீர்கள். அது விதியா, நிகழ்முறையா என்பதே தனி வழக்கு. பொருளாதாரத்தில் விதி என்று சொல்லப்படுபவற்றை இன்னும் தள்ளி வையுங்கள்.

படி 2: தாளில் இருப்பதையும் உலகில் நடப்பதையும் இரண்டு பத்தியாக எழுதுங்கள்

பக்கத்தின் நடுவில் ஒரு கோடு போடுங்கள். இடப்பக்கம் மனிதர் எழுதியது: சமன்பாடு, எண், பெயர், ஆண்டு. வலப்பக்கம் அந்தச் சமன்பாடு எதைப் பற்றிப் பேசுகிறதோ அது. இரண்டும் ஒன்றையொன்று விட்டு விலகிய தருணம் ஒன்று கிடைத்தால் அதைப் பிடித்துக்கொள்ளுங்கள். விசாரணைக்கு அதைவிட நல்ல சாட்சி கிடைக்காது.

நம் ஊரோடு தொடர்புள்ள ஓர் உதாரணம் இருக்கிறது. சென்னை மாநிலக் கல்லூரியில் படித்து முடித்த 19 வயது சந்திரசேகர் 1930 ஜூலை 31 அன்று பம்பாயில் கப்பல் ஏறினார். கேம்பிரிட்ஜ் போய்ச் சேர்வதற்குள் கணக்கு ஒன்றைப் போட்டுப் பார்த்தார். எரிந்து முடிந்து சுருங்கிப்போன விண்மீன்களை வெள்ளைக் குள்ளன் என்கிறோம். உள்ளே நெருக்கப்பட்ட எலக்ட்ரான்களின் அழுத்தம்தான் அவற்றைத் தாங்கி நிற்கிறது. எடை கூடக்கூட எலக்ட்ரான்கள் ஒளிவேகத்தை நெருங்குகின்றன. அப்போது சார்பியலையும் கணக்கில் சேர்த்தாக வேண்டும். சேர்த்தால், ஓர் எல்லைக்கு மேல் அந்த அழுத்தத்தால் எடையைத் தாங்க முடியாது என்று வருகிறது.

1931இல் அவர் வெளியிட்ட கட்டுரையில் அந்த எல்லை சூரியனைப் போல 0.91 மடங்கு. இன்று பாடப்புத்தகத்தில் இருப்பது சுமார் 1.4. கணித முறையில் பிழை இல்லை. விண்மீனுக்குள் என்ன பொருள் இருக்கிறது என்பது பற்றி அன்று வைத்துக்கொண்ட ஊகம்தான் வேறு. அந்த ஊகம் திருந்தியதும் எண் ஏறிவிட்டது.

இப்போது வலப்பக்கம் பாருங்கள். சிரியஸ் விண்மீனின் துணையான சிரியஸ் பி ஒரு வெள்ளைக் குள்ளன். அதன் நிறை சூரியனைவிடக் கொஞ்சம் கூடுதல், சுமார் 1.02 மடங்கு. 1931இல் அச்சான எல்லையை அது அப்போதே தாண்டித்தான் இருந்தது. ஆனாலும் இடிந்து விழவில்லை. தாளில் எண் மாறிய ஆண்டுகளில் அந்த விண்மீனுக்கு ஒன்றும் ஆகவில்லை.

கதை அங்கே முடியவில்லை. 1935 ஜனவரியில் லண்டன் ராயல் வானியல் கழகக் கூட்டத்தில், அன்றைய வானியலின் பெரிய தலையான எடிங்டன் எழுந்து, ஒரு விண்மீன் இப்படி அபத்தமாக நடந்துகொள்வதைத் தடுக்க இயற்கையில் ஒரு விதி இருக்க வேண்டும் என்றார். அப்படி ஒரு விதி இல்லை. எவ்வளவு பெரிய ஆள் கேட்டும் வரவில்லை. விதிகளை மனிதர்கள்தான் உண்டாக்குகிறார்கள் என்று யாராவது உங்களிடம் சொன்னால் இந்தக் கூட்டத்தைப் பற்றிச் சொல்லிப் பாருங்கள். ஏறக்குறைய அதே காலத்தில் எஸ்தோனியாவின் தார்த்துவில் வில்ஹெல்ம் ஆண்டர்சனும் இங்கிலாந்தின் லீட்ஸில் எட்மண்ட் ஸ்டோனரும் தனித்தனியாக இதே மாதிரியான எல்லையில் வந்து முட்டினார்கள் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மூன்று பேர் மூன்று ஊரிலிருந்து கிளம்பி ஒரே சுவரில் மோதினால், சுவர் அங்கே இருந்திருக்கும் என்று நினைப்பதுதான் எளிது.

இடப்பக்கத்துக்கும் தனி வரலாறு உண்டு, அதைக் குறைத்து மதிக்க வேண்டாம். ராபர்ட் ஹூக் சுருள்வில் விதியை 1676இல் எழுத்துகளைக் குலைத்துப் போட்ட புதிராகத்தான் அச்சிட்டார். விடையை 1678இல் சொன்னார். ஹென்றி கேவண்டிஷ் ஓம் விதியின் சாரத்தை 1781இலேயே பிடித்துவிட்டார். அப்போது மின்னோட்டத்தை அளக்கக் கருவி கிடையாது. மின்னதிர்ச்சியைத் தன் உடம்பிலேயே வாங்கி, எது பலமாக அடிக்கிறது என்று ஒப்பிட்டு எழுதிவைத்தார். அதை வெளியிடவில்லை. ஓம் தன் விதியை 1827இல் வெளியிட்டார். கேவண்டிஷின் குறிப்புகளை மாக்ஸ்வெல் 1879இல் பதிப்பித்தபோதுதான் உலகுக்கு விஷயம் தெரிந்தது. ஆக "கண்டுபிடிப்பு" என்ற தேதியே ஆடுகிற தேதி. ஓம் விதி பிறந்தது 1781இலா, 1827இலா, 1879இலா என்று கேட்டால் இடப்பக்கத்தில் வாதாட இடமுண்டு. செம்புக் கம்பியைப் பொறுத்தவரை அந்தக் கேள்வியே எழாது.

படி 3: மனிதன் இல்லாத காலத்தில் தடயம் தேடுங்கள்

"இருந்தது" என்று வாயால் சொன்னால் போதாது, இருந்ததற்கு அடையாளம் வேண்டும். உங்கள் விதி செயல்பட்டிருந்தால் எதை விட்டுப் போயிருக்கும் என்று கேளுங்கள். இந்தப் படிக்கு ஓக்லோவைவிடச் சிறந்த உதாரணம் எனக்குத் தெரியாது. அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

1972, பிரான்சின் பியர்லாத் அணு எரிபொருள் ஆலை. வழக்கமான பரிசோதனை நடக்கிறது. யுரேனியத்தில் 235 என்ற ஐசோடோப் (ஒரே தனிமத்தில் நிறை மட்டும் வேறுபடும் அணுவகை) எத்தனை சதவீதம் என்று அளக்கிறார்கள். சுரங்கத்தில் எடுத்தாலும், விண்கல்லில் எடுத்தாலும், நிலவிலிருந்து கொண்டுவந்த பாறையில் எடுத்தாலும் இந்த எண் 0.720தான் வரும். அன்று 0.717 வந்தது. வேறு தொழிலாக இருந்தால் இந்த வித்தியாசத்தை யாரும் கண்டுகொள்ள மாட்டார்கள். இது குண்டுக்கும் உதவும் சரக்கு, கிராம் கணக்கில் பதிலளிக்க வேண்டும். எங்கே குறைந்தது என்று பின்னாலேயே தேடிப் போனார்கள். மத்திய ஆப்பிரிக்காவின் காபோன் நாட்டில், ஓக்லோ என்ற இடத்துச் சுரங்கத்தில் போய் நின்றது தேடல். அங்கே சில மாதிரிகளில் 0.44 வரைகூட இறங்கியிருந்தது.

யாரும் திருடவில்லை. மண்ணுக்குள்ளேயே எரிந்திருக்கிறது.

எப்படி என்று பார்ப்போம். யுரேனியம் 235 பாதியாகக் குறைய சுமார் 70 கோடி ஆண்டு ஆகும், இதை அதன் அரை ஆயுள் என்பார்கள். 238க்குச் சுமார் 447 கோடி ஆண்டு. 235 வேகமாகக் கரைவதால், காலத்தில் பின்னோக்கிப் போகப்போக அதன் பங்கு கூடிக்கொண்டே வரும். ஏறத்தாழ 200 கோடி ஆண்டுக்கு முன் அது 3 சதவீதத்துக்கு மேல் இருந்தது. கூடங்குளத்தில் இருப்பது போன்ற சாதாரண நீர் உலைகளுக்காக நாம் பெரும் செலவில் செறிவூட்டி எடுக்கும் எரிபொருளும் கிட்டத்தட்ட அந்த அளவில்தான் இருக்கிறது. ஓக்லோவில் தாது அடர்த்தியாகச் சேர்ந்திருந்தது. நிலத்தடி நீர் ஊறி உள்ளே புகுந்தது. நீர் நியூட்ரான்களின் வேகத்தைக் குறைக்கும். வேகம் குறைந்த நியூட்ரான்தான் 235ஐச் சுலபமாகப் பிளக்கும். பிளவு நியூட்ரான்களை வெளிவிடும், அவை அடுத்த அணுக்களைப் பிளக்கும். தொடர்வினை தொடங்கிவிட்டது.

சூடு ஏறியதும் நீர் கொதித்து வெளியேறும். நீர் இல்லாவிட்டால் நியூட்ரானின் வேகம் குறையாது, வினை நின்றுவிடும். பாறை ஆறும், நீர் மறுபடி ஊறும், மறுபடி பற்றிக்கொள்ளும். பாறைக்குள் சிக்கியிருந்த ஜெனான் வாயுவை ஆராய்ந்தவர்கள், சுமார் 30 நிமிடம் ஓட்டம், இரண்டரை மணி நேரம் ஓய்வு என்று அந்தத் தாளத்தையே கணக்கிட்டுச் சொல்லியிருக்கிறார்கள். இப்படி லட்சக்கணக்கான ஆண்டுகள் ஓடியிருக்கிறது. மனிதர் கட்டிய முதல் உலை சிகாகோவில் இயங்கியது 1942 டிசம்பர் 2 அன்றுதான்.

நியோடிமியம் என்ற தனிமம் இன்னொரு சாட்சி. சாதாரண நியோடிமியத்தில் 142 என்ற ஐசோடோப் 27 சதவீதம். யுரேனியம் பிளந்து உண்டாகும் நியோடிமியத்தில் அது வராது. ஓக்லோவில் 6 சதவீதத்துக்கும் குறைவாக இருந்தது. அந்த மண்ணில் கிடந்த நியோடிமியத்தில் பெரும்பகுதி அணுப்பிளவில் பிறந்தது என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்? பழங்காலத்தில் இப்படி ஓர் இயற்கை உலை இருந்திருக்கலாம் என்று அமெரிக்காவில் இருந்த வேதியியலாளர் பால் குரோடா 1956இலேயே கணக்கிட்டுச் சொல்லியிருந்தார். பதினாறு ஆண்டு கழித்துத்தான் அது கையில் கிடைத்தது.

கதிரியக்கச் சிதைவின் விதியை ரதர்ஃபோர்டும் சோடியும் எழுதியது 1902இல். அணுப்பிளவு மனிதருக்குத் தெரிந்தது 1938 டிசம்பரில். ஓக்லோ ஓடிய காலத்தில் பூமியில் மனிதனும் இல்லை, மரமும் இல்லை. கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள்தான். அந்தப் பார்வையாளர்களை வைத்துக்கொண்டு அணுக்கள் நாம் பின்னாளில் எழுதிய கணக்குப்படியே நடந்திருக்கின்றன.

படி 4: தடயத்தைப் படிக்கிறபோதே விதியைப் பயன்படுத்திவிட்டோமா என்று பாருங்கள்

கூர்மையான எதிராளி இங்கே கையைப் பிடிப்பார். "200 கோடி ஆண்டு என்று எப்படித் தெரியும்? அரை ஆயுள் கணக்கை வைத்துத்தானே? விதி மாறவில்லை என்று முதலிலேயே வைத்துக்கொண்டு, கடைசியில் மாறவில்லை என்கிறீர்களே?" நியாயமான கேள்வி. இதற்குக் கோபப்படுகிறவர் விசாரணைக்கு லாயக்கில்லை.

இரண்டு வழியில் பதில் தேடலாம். முதல் வழி, ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத தடயங்களை மோதவிடுவது. 1963இல் ஜான் வெல்ஸ் என்பவர் டெவோனியன் காலப் (சுமார் 40 கோடி ஆண்டுக்கு முந்தையது) பவளப் புதைபடிவங்களை எடுத்து, ஓர் ஆண்டு வளர்ச்சிக்குள் எத்தனை நாள்வரிகள் இருக்கின்றன என்று எண்ணினார். சுமார் 400 வந்தது. அன்று ஓர் ஆண்டுக்கு ஏறக்குறைய 400 நாள் என்று பொருள். வானியலாளர்கள் வேறு பக்கத்திலிருந்து வந்தார்கள். நிலவு எழுப்பும் ஓதம் (கடலின் ஏற்ற இறக்கம்) பூமியின் சுழற்சியை மெல்லக் குறைக்கிறது, பதிலுக்கு நிலவு விலகிப் போகிறது. அப்பல்லோ பயணிகள் வைத்துவிட்டு வந்த கண்ணாடிகளில் லேசரை அடித்து அளந்தால் ஆண்டுக்கு சுமார் 3.8 செ.மீ. விலகல் தெரிகிறது. கோண உந்த அழிவின்மையைப் பயன்படுத்தி, சுழற்சி குறையும் வேகத்தைக் கொண்டு பின்னோக்கிப் போனால் டெவோனியன் காலத்து ஆண்டில் 400ஐ ஒட்டித்தான் நாள்கள் வருகின்றன. பவளத்தின் வயதைச் சொன்னது பாறையின் கதிரியக்கம், நாள்களை எண்ணியது ஒரு புழுபோன்ற உயிரியின் சுண்ணாம்புக் கூடு, ஒத்துப்போனது ஓதத்தின் கணக்கு. விதிகள் இஷ்டத்துக்கு மாறியிருந்தால் இந்த மூன்றும் இவ்வளவு அழகாக ஒட்டியிருக்காது.

இரண்டாம் வழி இன்னும் நேர்மையானது. விதி மாறியிருக்கலாம் என்று வைத்துக்கொண்டே சோதிப்பது. ஈர்ப்பின் வலிமை காலப்போக்கில் குறையலாம் என்று 1937இல் இயற்பியலாளர் டிராக் சொன்னார். 1976இல் ரஷ்ய இயற்பியலாளர் ஷ்லியாக்தர் ஓக்லோவையே சோதனைக்கூடமாக்கினார். சமேரியம் 149 அணு நியூட்ரானை விழுங்கும் திறன் மிக நுட்பமான ஓர் ஆற்றல் பொருத்தத்தைச் சார்ந்தது. அணுக்கருவுக்குள் விசைகளின் வலிமை அன்று கொஞ்சம் வேறாக இருந்தாலும் பொருத்தம் குலைந்திருக்கும், சமேரியம் 149 தீர்ந்துபோயிருக்காது. ஓக்லோவில் அது தீர்ந்திருக்கிறது. 1996இல் டமூரும் டைசனும் இதைத் திரும்பக் கணக்கிட்டு, மின்காந்த விசையின் வலிமையைக் குறிக்கும் நுண்கட்டமைப்பு மாறிலி அன்றைக்கும் இன்றைக்கும் ஏறத்தாழ ஒரு கோடியில் ஒரு பங்குக்கு மேல் வேறுபடவில்லை என்று காட்டினார்கள். தோற்றுப்போக வாய்ப்புள்ள சோதனையில் விதி தேறிவிட்டது. சுற்றுவாதம் என்ற குற்றச்சாட்டு இதோடு பெருமளவு விழுந்துவிடுகிறது.

படி 5: போலி ஒன்றை எடுத்து இதே வழியில் ஓட்டுங்கள்

இந்தப் படியைத் தாவிவிட வேண்டாம். உங்கள் முறை எல்லா விதிக்கும் "ஆமாம், இருந்தது" என்று சொன்னால் அது முறையே இல்லை.

1766இல் டிட்டியஸ் ஓர் எண்வரிசையைக் கவனித்தார், 1772இல் போடே அதைப் பரப்பினார். 0, 3, 6, 12, 24 என்று இரட்டித்துக்கொண்டே போங்கள். ஒவ்வொன்றோடும் 4 கூட்டி 10ஆல் வகுங்கள். பூமிக்கும் சூரியனுக்கும் உள்ள தூரத்தை 1 என்று கொண்டால் கோள்களின் தூரம் வந்துவிடும். புதன் 0.4 (நிஜம் 0.39), வெள்ளி 0.7 (0.72), பூமி 1, செவ்வாய் 1.6 (1.52), வியாழன் 5.2, சனி 10 (9.5). செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவே 2.8 மட்டும் காலி.

1781இல் வில்லியம் ஹெர்ஷல் யுரேனஸைக் கண்டார். வரிசை சொன்னது 19.6, நிஜம் 19.2. காலி இடத்தில் கோள் இருக்க வேண்டும் என்று ஐரோப்பாவில் ஆள் சேர்த்துத் தேடினார்கள். 1801 ஜனவரி 1 அன்று பாலர்மோவில் பியாட்சி கண்டெடுத்த சீரஸ் 2.77இல் இருந்தது. அந்த நேரத்தில் நீங்களும் நானும் இருந்திருந்தால் சத்தியம் செய்திருப்போம், இது இயற்கையின் விதி, டிட்டியஸ் பிறக்கும் முன்பே சூரிய மண்டலத்தில் எழுதப்பட்டிருந்தது என்று. பிறகு 1846இல் நெப்டியூன் வந்தது. வரிசை சொன்னது 38.8. நெப்டியூன் இருந்தது 30இல். வேடிக்கை என்னவென்றால், நெப்டியூனைக் கணக்கிட்டுக் கண்ட லெ வெரியேவும் ஆடம்ஸும் இந்த வரிசையைத்தான் தூரத்துக்கு ஆரம்ப ஊகமாக வைத்தார்கள். தன்னை ஒழிக்கப்போகும் கோளைத் தேடித்தந்துவிட்டு அந்த "விதி" விடைபெற்றது.

ஆக, முன்கூட்டியே சரியாகச் சொல்லிவிட்டது என்பது மட்டும் போதாது. கெப்ளர் 1619இல் வெளியிட்ட மூன்றாம் விதியோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அவருக்கும் அது வெறும் எண் ஒற்றுமைதான், காரணம் தெரியாது. ஆனால் அது வியாழனின் நிலவுகளுக்கும் பொருந்தியது, இன்று வேறு விண்மீன்களைச் சுற்றும் கோள்களுக்கும் பொருந்துகிறது. நியூட்டனின் இயக்கவியலிலிருந்து அது தானாக வந்து விழுகிறது. டிட்டியஸின் வரிசை வேறெதிலிருந்தும் வந்து விழவில்லை. உங்கள் விதி புதிய இடத்துக்குப் பெயர்ந்து போகிறதா, வேறு விதிகளோடு கைகோக்கிறதா என்ற இரண்டையும் நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள்.

படி 6: விதி கொஞ்சம் பொய்யாக இருந்தால்?

நான் முதலில் சொன்ன கால் பங்குச் சிக்கல் இங்கே ஆரம்பம்.

நியூட்டனின் ஈர்ப்பு விதி துல்லியமாகச் சரி இல்லை. புதனின் நீள்வட்டப் பாதை நூற்றாண்டுக்கு 43 ஆர்க் செகண்ட் (ஒரு டிகிரியில் 3600இல் ஒரு பங்கு ஓர் ஆர்க் செகண்ட்) அதிகமாகத் திரும்புகிறது. 1859இல் லெ வெரியே இந்த மிச்சத்தைக் கண்டது 1697 முதல் 1848 வரை சூரியனைப் புதன் கடந்தபோது பதிவான நேரங்களைக் கொண்டு. நியூட்டனின் நூல் வெளிவந்தது 1687இல். பத்தே ஆண்டு கழித்து, தொலைநோக்கியில் பார்த்து நேரத்தைக் குறித்தவர்கள், நியூட்டனுக்கு எதிரான சாட்சியத்தைத் தெரியாமலே எழுதிவைத்திருக்கிறார்கள். 1915 நவம்பரில் ஐன்ஸ்டைனின் புதிய கோட்பாடு அந்த 43ஐ அப்படியே கொடுத்தது.

இப்போது கேள்வியைத் திரும்பப் போடுங்கள்: 1687க்கு முன் எது இருந்தது? நியூட்டன் விதியா? அது துல்லியமாக எங்குமே இருந்ததில்லையே. ஐன்ஸ்டைன் விதியா? குவாண்டம் இயற்பியலோடு சேர்த்துப் பார்க்கும்போது அதுவும் கடைசி வார்த்தையாக இருக்காது என்றுதான் இயற்பியலாளர்கள் பெரும்பாலும் நினைக்கிறார்கள். 1662இல் வந்த பாயில் விதி இன்னும் மோசம். எந்த வாயுவும் அதை முழுதாகப் பின்பற்றுவதில்லை, மூலக்கூறுகளுக்குப் பருமனும் ஈர்ப்பும் உண்டு என்று திருத்தி வான் டெர் வால்ஸ் 1873இல் வேறு சமன்பாடே எழுத வேண்டியிருந்தது.

நான் இதில் எடுக்கும் நிலை இது. சமன்பாடு அப்படியே உலகில் இருந்தது என்று சொல்வதை விட்டுவிடுங்கள். "இன்ன எல்லைக்குள், இன்ன பிழைக்குள் இப்படி நடந்தது" என்று எழுதிப் பாருங்கள். பலவீனமான ஈர்ப்பில், மெதுவான வேகத்தில், இருமடங்கு தூரத்தில் கால்பங்கு விசை என்பது டைனோசர் காலத்திலும் பொருந்தும். ஐன்ஸ்டைன் வந்து அதை அழிக்கவில்லை, அதற்கு வேலி போட்டார். எல்லையோடு சேர்த்து எழுதப்பட்ட விதி கோட்பாடு மாறும்போதும் பிழைத்துக்கொள்ளும். எல்லை இல்லாமல் எழுதப்பட்டதுதான் இடப்பக்கத்துச் சரக்கு.

படி 7: எதிர்க்கட்சியை அதன் பலமான இடத்தில் சந்தியுங்கள்

கண்டுபிடிக்கும் முன் விதி இல்லை என்றவர்கள் எல்லாரும் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. நியூட்டனுக்கு முன் அவருடைய விதிகள் உண்மையாகவும் இல்லை, பொய்யாகவும் இல்லை என்று 1927இல் ஜெர்மன் தத்துவவாதி ஹைடெக்கர் எழுதினார். உண்மை, பொய் என்பவை சொல்லப்பட்ட கூற்றுக்கு உரியவை, சொல்ல ஆளே இல்லாதபோது அந்தப் பேச்சுக்கு இடமில்லை என்பது அவர் கருத்தின் சாரம். அந்த விதிகள் காட்டித்தந்த பொருள்கள் அதற்கு முன்பே இருந்தன என்பதை அவரே ஒப்புக்கொள்கிறார். நிதானமாகப் பார்த்தால் இது நம் இரண்டாம் படிதான், வேறு மொழியில். பிரெஞ்சுச் சமூகவியலாளர் புரூனோ லத்தூர் 1998இல் இன்னும் ஒரு படி போனார். கோக் 1882இல் கண்டறிந்த காசநோய்க் கிருமியால் எகிப்திய அரசர் இரண்டாம் ராம்சேஸ் எப்படிச் செத்திருக்க முடியும் என்று கேட்டார். ராம்சேஸ் உண்மையில் எதனால் இறந்தார் என்பது வேறு கேள்வி. வாதமாக இது எனக்கு எடுபடவில்லை. கிருமியின் பெயர் 1882இல் வந்தது, இருமல் அதற்குக் காத்திருக்கவில்லை.

இவர்களைவிட ஆழமான சண்டை, "முன்பே இருந்தது" என்று ஒப்புக்கொள்கிறவர்களுக்குள்ளேயே நடக்கிறது. உலகில் இருந்தது வெறும் ஒழுங்குதானா, அல்லது அந்த ஒழுங்கைக் கட்டாயப்படுத்தும் ஏதோ ஒன்றா? கட்டாயத்தை யாரும் கண்ணால் கண்டதில்லை, ஒன்றுக்குப் பின் ஒன்று நடப்பதைத்தான் காண்கிறோம் என்றார் 18ஆம் நூற்றாண்டுத் தத்துவவாதி ஹியூம். ஆஸ்திரேலியத் தத்துவவாதி ஆம்ஸ்ட்ராங் போன்றவர்கள் மறுத்தார்கள். பண்புகளுக்கிடையே நிஜமான பிணைப்பு இருக்கிறது, இல்லாவிட்டால் இத்தனை கோடி அணுக்கள் ஏன் ஒரே மாதிரி நடக்க வேண்டும் என்பது அவர்கள் கேள்வி.

அமெரிக்கத் தத்துவவாதி டேவிட் லூயிஸ் ஹியூம் பக்கம் நின்று ஒரு நல்ல விடை தந்தார். ஒரு பெரிய புள்ளிக் கோலத்தை ஃபோனில் தங்கைக்குச் சொல்ல வேண்டும் என்று வையுங்கள். ஒவ்வொரு புள்ளியையும் சொன்னால் விடிந்துவிடும். "இடைப்புள்ளி, பதினைந்து, எட்டு வரை" என்றால் ஒரே வரியில் முடிந்தது. உலகின் மொத்த நிகழ்வுகளையும் மிகச் சுருக்கமாக, அதேசமயம் மிக நிறைவாகச் சொல்லும் தொகுப்பில் எது இடம்பெறுமோ அதுதான் விதி என்கிறார் லூயிஸ். இதன்படி விதி இருக்க மனிதர் வேண்டியதில்லை, நிகழ்வுகள் இருந்தால் போதும். ஆனால் எது சுருக்கம், எது நிறைவு என்று தீர்மானிக்கும் அளவுகோல் யாருடையது? அந்தப் பின்வாசல் வழியாக மனிதர் மறுபடி உள்ளே வருகிறார். லூயிஸின் ஆதரவாளர்கள் இதை நன்றாகவே அறிவார்கள், பதிலும் வைத்திருக்கிறார்கள். எனக்கு அவை அரைகுறையாகவே படுகின்றன.

படி 8: தடயமே இல்லாத விதியில் உங்கள் நிலையைச் சோதியுங்கள்

இதுவரை எடுத்தவற்றில் எல்லாம் ஏதாவது நிகழ்வு முன்பே நடந்திருந்தது. ஓகனெசானை எடுங்கள், 118ஆம் தனிமம். இயற்கையில் எங்கும் யாரும் கண்டதில்லை. ரஷ்யாவின் டுப்னாவில் கலிஃபோர்னியத்தின் மேல் கால்சியம் அணுக்கருக்களை மோதி உருவாக்கினார்கள். 2002இல் முதல் அணு, இதுவரை விரல்விட்டு எண்ணும் அளவே. ஆயுள் ஒரு மில்லிசெகண்டுக்கும் குறைவு.

அந்த அரை ஆயுள் 2002க்கு முன் இருந்ததா? படி 3 இங்கே கைகொடுக்காது, தடயம் கிடையாது. வெறும் ஒழுங்குதான் விதி என்பவர் தடுமாறுவார், ஏனென்றால் ஒழுங்காக நடக்க ஓர் அணுகூட இல்லை. பிணைப்பு உண்டு என்பவர் உடனே ஆமாம் என்பார், ஆனால் பிணைக்கப்பட்ட பண்பைத் தாங்கிய பொருள் எங்கே என்று கேட்டால் அவரும் கொஞ்சம் நெளிவார். லூயிஸின் வழியில் பதில் இப்படி வரும்: புரோட்டானையும் நியூட்ரானையும் பற்றிய சுருக்கமான விதிகளிலிருந்தே ஓகனெசானின் ஆயுளும் வந்து விழுந்துவிடும், அதற்கென்று தனி விதி தேவையில்லை. மூன்றில் இதுதான் எனக்குத் திருப்தியாக இருக்கிறது, அளவுகோல் பற்றிய சங்கடத்தையும் சேர்த்துச் சொல்லித்தான். புரோட்டான், நியூட்ரான்கூடத் தோன்றாத, பிரபஞ்சம் பிறந்த முதல் மைக்ரோ செகண்டுகளில் இதே பதிலைச் சொல்ல முடியுமா என்பதை நோட்டின் அடுத்த பக்கத்தில் நீங்கள் போட்டுப் பாருங்கள்.